வீடு வாங்கும் முன் சொத்து வரிப் பதிவைப் படிப்பது எப்படி?

வீட்டுத் தரகர் நீட்டும் காகிதக் கட்டில் சொத்து வரி ரசீது பெரும்பாலும் மேலாகவே இருக்கும். "வரியெல்லாம் பாக்கியில்லாமல் கட்டியாகிவிட்டது, சார்" என்பார். முதல்முறை வீடு வாங்குபவருக்கு அதைக் கேட்டதும் பாதி நிம்மதி வந்துவிடும். அரசாங்க முத்திரை இருக்கிறது, விற்பவரின் பெயர் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது; வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் அந்த ரசீது உரிமைப் பத்திரம் அல்ல. மாநகராட்சியோ நகராட்சியோ வரி வசூலிப்பதற்காகப் பெயரைப் பதிகிறதே தவிர, வீடு யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. பதிவேடுகளில் பெயர் மாற்றம் செய்வது வரி வசூல் நோக்கத்துக்கு மட்டுமே, அதனால் யாருக்கும் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. 2021இல் ஜிதேந்திர சிங் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி ரசீது உண்டு, மின் இணைப்பும் உண்டு. இருபது வருட ரசீதுகளை அடுக்கிக் காட்டினாலும் அந்த நிலம் அரசு நிலம்தான்.

அப்படியென்றால் இதை ஏன் மெனக்கெட்டுப் படிக்க வேண்டும்? விற்பவர் சொல்லாமல் விட்டவை இந்தப் பதிவில் தென்படும் என்பதால்தான். அதிகாரி எழுதியது, பழையது, விற்பவர் தன் விருப்பத்துக்குத் திருத்த முடியாதது. பட்டா, கிரயப் பத்திரம், கட்டட வரைபடம் ஆகியவற்றோடு இதை ஒப்பிட்டால் எங்கே பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். வரி முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இங்கே தமிழ்நாட்டு நடைமுறையைச் சொல்கிறேன்.

எந்த உள்ளாட்சி என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

அற்பமாகத் தோன்றும், ஆனால் குழப்பம் தொடங்குவதே இங்கேதான். சென்னை மாநகராட்சி 2011இல் விரிவடைந்தபோது 155 வார்டுகள் 200 ஆகின, பத்து மண்டலங்கள் பதினைந்து ஆகின. மடிப்பாக்கம் அதுவரை கிராம ஊராட்சி. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லப்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. ஆகவே குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் பழைய ரசீதில் பல்லாவரம் நகராட்சி என்றும், புதியதில் தாம்பரம் மாநகராட்சி என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். வரிவிதிப்பு எண்ணும் வார்டு எண்ணும் கதவு எண்ணும் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பை விற்பவர் காகிதத்தோடு காட்ட வேண்டும். "அதெல்லாம் ஒன்றுதான்" என்ற வாய்வார்த்தை போதாது. கிரயப் பத்திரத்தில் பழைய கதவு எண்ணும் ரசீதில் புதிய எண்ணும் இருந்தால், இரண்டையும் சேர்த்து "பழைய எண், புதிய எண்" என்று உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி இல்லை. அங்கே 'வீட்டு வரி'. பழைய ரசீதுகள் பெரும்பாலும் கையால் எழுதியவை. இப்போது ஊராட்சி வரிகளையும் இணையவழி கட்டலாம். ஊராட்சி ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு பரப்பளவையோ கட்டட வயதையோ முடிவு செய்யாதீர்கள்; அவ்வளவு விவரம் அதில் இருப்பதில்லை.

ரசீதை வாங்காதீர்கள், எண்ணை வாங்குங்கள்

ரசீதின் நகலை வாங்கிக் கோப்பில் சொருகிவிட்டுத் திருப்தி அடைபவர்களே அதிகம். ரசீது ஒரே ஒரு அரையாண்டின் கதையைத்தான் சொல்லும். உங்களுக்குத் தேவை கணக்கு முழுவதும்.

சென்னை மாநகராட்சி ரசீதுகளில் மண்டல எண், கோட்ட எண், பில் எண், துணை எண் என நான்கு பகுதிகள் இருக்கும். மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் வரிவிதிப்பு எண் என்று ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, உள்ளாட்சியின் அதிகாரப்பூர்வ வரி செலுத்தும் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். தரகர் தன் கைபேசியில் காட்டுவதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாம். யாருடைய வரியையும் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால், கையில் ரசீது இருப்பது யாரோ கட்டினார்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி.

நிலுவை எவ்வளவு, யார் பெயரில் பதிவு, எந்த அரையாண்டு வரை கட்டியிருக்கிறது என்பது இணையத்திலேயே தெரிந்துவிடும். பரப்பளவு, கட்டட வகை, குடியிருப்பா வணிகமா, எப்போது முதல் வரி விதிக்கப்பட்டது என்பன அங்கே தெரியாவிட்டால், விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்லி வரிவிதிப்புப் பதிவேட்டின் நகலை அலுவலகத்தில் வாங்கச் சொல்லுங்கள். விற்பவருக்கு இது கொஞ்சம் அலைச்சல்தான். அலையட்டும். பல லட்சம் ரூபாய் கைமாறப் போகிறது. "எதற்கு இதெல்லாம்?" என்று அவர் சலித்துக்கொண்டால், அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயர்?

பதிவிலுள்ள பெயர் விற்பவருடையதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உடனே எழுந்து போய்விட வேண்டியதில்லை. ஏன் என்று கேளுங்கள். பத்து வருடத்துக்கு முன் வீட்டை வாங்கியவர் பெயர் மாற்றாமலே பழைய உரிமையாளர் பெயரில் வரி கட்டிக்கொண்டிருப்பது நம் ஊரில் சாதாரணம். கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்) தொடர்பைக் காட்டினால், முன்பணம் தரும் முன் பெயர் மாற்றத்தை முடிக்கச் சொல்லலாம்.

இறந்துபோன தந்தையின் பெயரிலேயே வரி இருப்பது வேறு வகை. யார் யார் வாரிசு என்பதை வாரிசுச் சான்றிதழில் பார்க்க வேண்டும், அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். இதிலாவது பிரச்சினை வெளியே தெரிகிறது. வெளியே தெரியாத வகைதான் மோசம். தந்தை உயில் எழுதாமல் இறந்திருப்பார். மூத்த மகன் வீட்டில் குடியிருப்பார். வரிப் பதிவைத் தன் ஒருவர் பெயருக்கு மாற்றி, பல வருடம் ஒழுங்காகக் கட்டியும் வந்திருப்பார். பதிவைப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், தந்தையின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. திருமணமாகி வெளியூர் போய்விட்ட அக்காவின் பங்கு, தம்பி வரி கட்டியதால் கரைந்துவிடாது. ஆகவே பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், அந்தப் பெயர் எந்த ஆவணத்தின் அடிப்படையில் வந்தது என்று கேளுங்கள். கிரயப் பத்திரமா, தானப் பத்திரமா, பாகப்பிரிவினையா, வெறும் வாரிசுச் சான்றிதழா? கடைசி வகை என்றால் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

பரப்பளவு: பதிவு அதிகம் பேசும் இடம்

விற்பவர் 1,500 சதுர அடி என்கிறார். வரைபடமும் காட்டுகிறார். மாநகராட்சிப் பதிவு என்ன சொல்கிறது?

பதிவேட்டு நகல் கைக்கு வராவிட்டாலும், வரித்தொகை மாறிய விதத்தைக் கொண்டே ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் மாறாமல் கிடந்த சொத்து வரி, 2022 ஏப்ரலில் ஒரே அடியாக உயர்த்தப்பட்டது. குடியிருப்புகளுக்கு உயர்வு பரப்பளவைப் பொறுத்தது. சென்னையுடன் 2011இல் இணைந்த பகுதிகளிலும் மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளிலும் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். பழைய சென்னைப் பகுதியில் இதே வரிசையில் 50, 75, 100, 150.

இப்போது குரோம்பேட்டை வீட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2021-22 இரண்டாம் அரையாண்டில் வரி 2,000 ரூபாய். 2022-23 முதல் அரையாண்டில் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்வு 25 சதவீதம். அதாவது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடு என்றே உள்ளாட்சி இதைக் கருதியிருக்கிறது. உண்மையில் 1,500 சதுர அடியாகப் பதிவாகியிருந்தால் வரி 3,500 ஆகியிருக்க வேண்டும். மீதி 900 சதுர அடி எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கு முடிவான சான்று அல்ல. மேல்முறையீடு, மறுமதிப்பீடு என்று வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க இது போதும்.

விடை பெரும்பாலும் மாடியில் இருக்கும். தரைத்தளம் மட்டும் இருந்தபோது வரி போட்டார்கள். பிறகு மாடி கட்டி, அதை யாரிடமும் சொல்லவில்லை. திட்ட அனுமதி வாங்கி மாடி கட்டி, வரிக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் அது பணத்தோடு முடிகிற விஷயம். நீங்கள் பெயர் மாற்றப் போகும்போதோ, மாநகராட்சி ட்ரோன் படங்களை வைத்துச் சரிபார்க்கும்போதோ மறுமதிப்பீடு வரும்; கடந்த காலத்துக்கும் சேர்த்துக் கேட்பு, அதாவது வரி கட்டச் சொல்லும் நோட்டீஸ், வரலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மாடிக்குத் திட்ட அனுமதியே இல்லையென்றால் கதை வேறு. வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தை வைத்துத்தான் அளப்பார். அனுமதியில்லாத பகுதிக்கு மதிப்புப் போடத் தயங்குவார், உங்கள் கடன்தொகை குறையும். இங்கே சில விற்பனையாளர்கள் எதிர்வாதம் செய்வார்கள்: "மாடிக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறோம், மாநகராட்சியே ஏற்றுக்கொண்டுவிட்டதே!" ஏற்றுக்கொள்ளவில்லை. அனுமதியற்ற கட்டடத்துக்கும் வரி வாங்குவார்கள். வரி வாங்கியதால் அது அனுமதி பெற்ற கட்டடமாகிவிடாது. வரிப் பிரிவு வேறு, நகரமைப்புப் பிரிவு வேறு.

பயன்பாட்டையும் அதே கையோடு பாருங்கள். முன்புறம் கடை இருந்தும் பதிவில் முழுக்கக் குடியிருப்பு என்று இருந்தால், வணிகப் பகுதிக்கான கூடுதல் வரி இன்னும் போடப்படவில்லை என்று பொருள். அது உங்கள் தலையில் வந்து விழும். தலைகீழாகவும் நடக்கும்: என்றோ டியூஷன் சென்டர் நடந்த வீடு, இன்றும் வணிகக் கட்டடமாகவே வரி கட்டிக்கொண்டிருக்கும்.

நிலுவை

வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31க்குள், கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். உரிய காலத்தில் கட்டாவிட்டால் மாதம் 1 சதவீத வட்டி. அரையாண்டுக்கு 3,000 ரூபாய் வரியுள்ள வீட்டில் மூன்று ஆண்டு பாக்கி இருந்தால் அசல் 18,000. வட்டியோடு சேர்த்து 20,000ஐத் தாண்டிவிடும்.

தொகையைவிட முக்கியம் ஒன்று உண்டு. சொத்து வரி பாக்கி ஆளோடு போவதில்லை, சொத்தின் மீதே நிற்கும். சட்டப்படி அது அந்தச் சொத்தின் மீதான முதல் பொறுப்பு, அதாவது அந்தச் சொத்திலிருந்தே முதலில் வசூலிக்கக்கூடிய பாக்கி. பழைய உரிமையாளர் வெளிநாடு போனாலும் பில் கலெக்டர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். வில்லங்கச் சான்றில் இது வருமே என்று நம்பியிருக்காதீர்கள். பதிவான ஆவணங்களைத்தான் அது காட்டும்; கட்டாத வரியைக் காட்டாது.

கணக்கில் ஒரு பாக்கி பல வருடமாக அப்படியே நின்று, நடப்பு வரி மட்டும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், வரி உயர்வை எதிர்த்து வழக்கு நடக்கிறதா என்று கேளுங்கள். வழக்கு எண்ணை வாங்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு. குடிநீர் வாரியம் தனியாகக் குடிநீர், கழிவுநீரகற்று வரி வசூலிக்கிறது. வரி போடுவதற்காக வீட்டுக்குக் கணக்கிடும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மாநகராட்சிக்கு ஒரு பைசா பாக்கியில்லாத வீட்டுக்கு வாரியத்தில் பெரிய பாக்கி இருக்கலாம். மற்ற ஊர்களில் தண்ணீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாம் உள்ளாட்சியிடமே, ஆனால் தனித்தனிக் கணக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுக்குமாடியும் காலிமனையும்

அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வரிவிதிப்பு இருக்க வேண்டும். புதுக் கட்டடம் என்றால் இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். பழைய தனிவீட்டின் எண்ணோ காலிமனை வரி எண்ணோதான் நடப்பில் இருக்கும். அந்தத் தாய்க் கணக்கில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வீடுகளைப் பிரித்து வரி போடும்போது அந்தப் பாக்கி யார் தலையில் ஏறும் என்பதைக் கட்டுமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணி நிறைவுச் சான்றிதழ் தேவைப்படும் கட்டடமாக இருந்தால் அதையும் கையோடு கேளுங்கள். மறுவிற்பனையில் வாங்குவது என்றால் பதிவிலுள்ள வீட்டு எண் பத்திரத்தில் உள்ளதுதானா என்று பாருங்கள். முதல் தளத்தில் எஃப்-2 என்று பத்திரத்திலும் எஃப்-3 என்று வரியிலும் இருந்து, இரண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் ஒருவர் வரியை மற்றவர் கட்டிக்கொண்டிருப்பதெல்லாம் நடக்கிற விஷயம்.

நகர எல்லைக்குள் இருக்கும் காலிமனைக்கும் வரி உண்டு. பலர் கட்டுவதே இல்லை. வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் மொத்தமாகக் கேட்பார்கள். எனவே மனை வாங்கும்போதே கேளுங்கள். காலிமனை வரி ரசீது இருப்பதால் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றது என்றும் ஆகாது. அங்கீகார எண்ணைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு, விற்பனை நாள் வரையிலான அரசு வரிகளைக் கட்டுவது விற்பவரின் கடமை என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அந்த எழுத்தே செல்லும். அச்சடித்த பழைய மாதிரியில் கையெழுத்துப் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். பத்திரப்பதிவு நாள் வரையிலான சொத்து வரி, குடிநீர் வரி, மறுமதிப்பீட்டால் பின்னால் வரும் பழைய காலத்து வரி ஆகிய மூன்றும் விற்பவர் பொறுப்பு என்று தெளிவாக எழுதுங்கள். மூன்றாவதை எழுதப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

நடப்பு அரையாண்டை விற்பவர் ஏற்கெனவே கட்டியிருந்தால் நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். அரையாண்டு வரி 3,660 ரூபாய், பதிவு ஜூலை 15 என்றால், ஏப்ரல்-செப்டம்பரின் 183 நாள்களில் ஜூலை 14 வரையிலான 105 நாள் விற்பவருக்கு, 78 நாள் உங்களுக்கு. நாளுக்கு 20 ரூபாய் வீதம் நீங்கள் தர வேண்டியது 1,560. இந்தச் சில்லறைக்குப் பெரும்பாலும் யாரும் சண்டை போடுவதில்லை. நீங்களும் போட வேண்டாம்.

பதிவுக்கு முதல் நாள் இணையத்தில் மறுபடி ஒருமுறை நிலுவையைப் பாருங்கள். பாக்கி இருந்தால் "நாளைக்குக் கட்டிவிடுகிறேன்" என்பதை ஏற்காதீர்கள். அங்கேயே கட்டச் சொல்லுங்கள், அல்லது அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு நீங்களே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்குப் பிறகு

பத்திரம் கைக்கு வந்ததும் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறிப்பவர்கள் வரிப் பெயர் மாற்றத்தை மறந்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது. கிரயப் பத்திர நகல், நடப்பு வரி ரசீது, விற்பவரின் பெயரிலிருந்த பழைய ரசீது, அடையாளச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்திருங்கள். விற்பவரும் அக்கறை காட்ட வேண்டிய வேலை இது. கைமாறியதை அறிவிக்காதவரை வரிப் பொறுப்பிலிருந்து அவரும் விடுபடுவதில்லை. நிலத்துக்கான பட்டா வருவாய்த் துறையின் வேலை. வரியில் பெயர் மாறியதால் பட்டாவில் மாறாது, பட்டாவில் மாறியதால் வரியிலும் மாறாது.

சொத்து வரியில் பெயர் மாறிய பிறகு, அந்த ரசீதைக் காட்டிக் குடிநீர் வாரியத்திலும் பிறகு மின் இணைப்பிலும் மாற்றுங்கள். இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறைவு. புதிய பெயரில் முதல் கேட்பு வந்ததும் பெயரின் எழுத்துகள், கதவு எண், பரப்பளவு மூன்றையும் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அந்த வாரமே திருத்த மனுக் கொடுத்துவிடுங்கள். அடுத்து வீட்டுக் கடனுக்காகவோ விற்பனைக்காகவோ போய் நிற்கும்போது, அந்த ஓர் எழுத்துக்காக உறுதிமொழிப் பத்திரம் எழுத வைத்துவிடுவார்கள்.